உப்புத்தாள் அழித்த ஆவணம்: கொல்கத்தாவில் ஓர் எம்ஜி டிசி

ஆய்வேட்டின் நான்காம் இயலை எழுதி முடித்திருக்க வேண்டிய பதினெட்டு மாதங்களில், பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு பழைய காருக்கு அடியில் படுத்துக் கழித்தேன். நெறியாளருக்கு இது தெரியும், பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றவை என் ஆய்வுக்குப் புறம்பானவை அல்ல என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே வரலாறு பயிலும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது.

தென் கொல்கத்தாவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கார் கொட்டகை உண்டு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். வங்காள வழக்கப்படி அவரை ‘மேஷோமஷாய்’ என்று அழைக்கிறேன். நம் ஊரில் சித்தப்பா என்பதுபோல. அவருடைய கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில், 1947இல் செய்யப்பட்ட எம்ஜி டிசி என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று 1983 முதல் நின்றுகொண்டிருந்தது. அவருடைய தந்தை 1961இல் அதை மூன்றாவது உரிமையாளராக வாங்கியவர். அதை மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்பது மேஷோமஷாயின் விருப்பம். உதவுகிறேன் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எங்கள் இருவரில் ஒருவரும் அதுவரை ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றியதில்லை.

எங்களுக்கு வழிகாட்டியவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மிஸ்திரி. மல்லிக் பஜாரின் பழைய உதிரிபாகக் கடைகளைச் சுற்றியிருந்த பட்டறைகளில் பத்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். நாங்கள் ‘சாச்சா’ என்போம். மாதம் இருமுறை வருவார்; மோடாவில் அமர்ந்து தேநீர் அருந்துவார்; கருவி எதையும் கையில் எடுக்கமாட்டார். “கை உங்களுடையது, கண் என்னுடையது” என்பது அவர் விதித்த ஒப்பந்தம்.

அழித்தது

தொடக்கநிலையில் இருப்பவர்கள் எல்லோரும் செய்யும் பிழையையே நாங்களும் செய்தோம். துடைத்துச் சுத்தம் செய்வதிலிருந்து வேலையைத் தொடங்கினோம்.

டிசியில் எஞ்சினுக்குப் பின்புறம், பானட்டுக்கு உள்ளேயே, ஒரு கருவிப்பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதன் மூடியின் உட்புறத்தில் கிரீஸும் தூசியும் கலந்து கெட்டியாகப் படிந்திருந்தன. பெயிண்ட் ரிமூவரைத் தடவி, கம்பித் தூரிகையால் சுரண்டி, முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, ஒரே பிற்பகலில் அதை வெள்ளித் தகடு போலாக்கினேன். அன்றைய மனநிறைவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டு மாதங்கள் கழித்து வால்வுகளின் இடைவெளி பற்றிப் பேச்சு வந்தது. “பெட்டியின் மூடியில் எழுதியிருப்பார்களே, பாருங்கள்” என்றார் சாச்சா. மூடியில் ஒன்றுமில்லை. முதல் நாள் கைப்பேசியில் கவனமின்றி எடுத்த படங்களைத் தேடினோம். ஒன்றில் அந்த மூடி தெரிந்தது. கிரீஸுக்கு அடியில் வெள்ளை வண்ணத்தால், மெல்லிய தூரிகை கொண்டு எழுதிய ஐந்தாறு வரிகள், வங்க எழுத்து. படம் அசைந்திருந்தது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் மூன்று இலக்கங்களை மட்டுமே படிக்க முடிந்தது: 019.

ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 19 பங்கு. டிசி எஞ்சினின் வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி. இங்கிலாந்திலிருந்து வந்த கையேடும் அதே அளவைத்தான் சொல்கிறது. எஞ்சியவை என்னவாக இருந்திருக்கும் என்று கேட்டேன். எந்த ஆண்டு என்ன மாற்றினோம், எந்த அளவில் கடைந்தோம், யார் செய்தோம் என்பவை இருந்திருக்கும் என்றார் சாச்சா. அவருடைய உஸ்தாத்தின் பட்டறையில் அதுதான் பழக்கமாம். “அடுத்து வரும் மிஸ்திரிக்கு நாங்கள் எழுதும் கடிதம்” என்றார்.

என் ஆய்வு இருபதாம் நூற்றாண்டில் இந்நகரத்துப் பட்டறைத் தொழிலாளர் பற்றியது. மூன்று ஆண்டுகளாக ஆவணக் காப்பகங்களில் செல்லரித்த கோப்புகளைப் புரட்டி வருகிறேன். ஆலை முதலாளிகளின் கடிதங்கள் கிடைக்கும். ஆய்வாளர்களின் அறிக்கைகள் கிடைக்கும். காவல்துறைக் குறிப்புகளும் கிடைக்கும். தொழிலாளி தன் கையால், தன் தொழிலைப் பற்றி, தன்னைப் போன்ற இன்னொரு தொழிலாளிக்கு எழுதிய ஒரு வரி கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட ஐந்தாறு வரிகள் என் கைக்கு வந்தன. நான் அவற்றை உப்புத்தாளால் தேய்த்தேன். திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணல் வீச்சுக் கருவியைப் பயன்படுத்தியதால் கல்வெட்டுகள் மழுங்கிய செய்திகளைப் படித்து வெகுண்டவன் நான். அந்தக் கருவியைப் பிடித்திருந்தவரும் சுத்தம் செய்வதாகத்தான் நினைத்திருப்பார் என்பது அன்று விளங்கியது.

அதன்பிறகு எங்கள் முறையை மாற்றினோம். படம் எடுக்காமல், அளக்காமல், எண்ணிட்டுக் குறிப்பேட்டில் பதியாமல் எதையும் கழற்றுவதில்லை என்று முடிவு செய்தோம்.

மரையும் தலையும்

புதிய முறையின் முதல் பலன் ஒரு போல்ட்டிலிருந்து வந்தது.

எஞ்சினின் போல்ட்டுகளுக்கு பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பேனர்கள் கச்சிதமாகப் பொருந்தின. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த மரை முறை அது. மரையின் கோணம் 55 பாகை. ஆகவே பழுதான போல்ட்டுகளுக்கு மாற்றாக விட்வொர்த் போல்ட்டுகளை வாங்கி வந்தோம். அவை உள்ளே இறங்கவில்லை. மரையளவு கொண்டு சோதித்தபோது விடை விந்தையாக இருந்தது. போல்ட்டின் தலை விட்வொர்த் அளவு, மரையோ மெட்ரிக். இங்கிலாந்தில், அங்குல முறை ஆட்சி செய்த காலத்தில் செய்த எஞ்சினுக்கு மில்லிமீட்டர் மரை எப்படி வந்தது?

விடை முதல் உலகப் போரில் இருக்கிறது. ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனம் அப்போது இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் இயந்திரத் துப்பாக்கிகள் செய்ய ஓர் ஆலை அமைத்தது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்குத் தேவை குறைந்தது. ஆலை, வில்லியம் மாரிஸின் கார்களுக்கு எஞ்சின் செய்து கொடுக்கத் தொடங்கியது. 1923இல் மாரிஸ் அந்த ஆலையையே வாங்கிவிட்டார். அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு அளவில் மரை வெட்டுபவை. அவற்றை எல்லாம் மாற்றுவது பெருஞ்செலவு. ஆனால் இங்கிலாந்தின் பழுதுநீக்குவோரிடம் இருந்தவை விட்வொர்த் ஸ்பேனர்கள். ஆகவே மரை பிரெஞ்சுக்காரருடையதாகவும் தலை ஆங்கிலேயருடையதாகவும் போல்ட்டுகள் செய்யப்பட்டன. போர் முடிந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியும், ஒரு விளையாட்டுக் காரின் எஞ்சினுக்குள் அந்தத் துப்பாக்கி ஆலையின் தடம் இருந்தது.

அந்த மரையும் இன்றைய கடைகளில் கிடைக்கும் மரை அன்று. 8 மி.மீ. போல்ட்டுக்கு இப்போது வழக்கிலிருக்கும் மரை இடைவெளி 1.25 மி.மீ.; இந்த எஞ்சினில் 1 மி.மீ. தெரியாதவர் கடையில் வாங்கிய போல்ட்டை வலிந்து முறுக்கினால் துளை கெடும். எங்கள் எஞ்சினில் மூன்று துளைகள் அப்படி எப்போதோ கெட்டு, பின்னர் 3/8 அங்குலத்துக்குப் பெருக்கப்பட்டுப் புதிய மரை வெட்டப்பட்டிருந்தன. வெட்டியவரின் கை நேர்த்தியானது. மூன்றும் துளியும் சாயவில்லை.

பிரெஞ்சு மரை, ஆங்கிலத் தலை, கொல்கத்தாவின் அங்குலத் துளை. மூன்று அடுக்குகள். இந்தியா எடை அளவைச் சட்டத்தின் மூலம் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது 1956இல். பட்டறைகள் சட்டத்தோடு உடனே மாறிவிடவில்லை. சாச்சா இன்றும் அரைக்கால் அங்குலத்தை ‘சுதா’ என்கிறார். நூல் என்று பொருள். நம் தச்சர்களும் அதே அளவை ‘நூல்’ என்றுதானே சொல்கிறார்கள் என்று நான் கூறியபோது அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

தூய மூலம் என்று ஒன்று இருந்ததா?

பழைய கார்களைப் புதுப்பிப்போர் அடிக்கடி பயன்படுத்தும் சொல் ‘ஒரிஜினல்’. ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அந்நிலைக்குக் கொண்டு செல்வதே இலக்கு என்பார்கள். எங்கள் தொடக்க விருப்பமும் அதுவே. எனவே அந்த முதல் நாள் எப்படிப்பட்டது என்று பார்த்தேன்.

எம்ஜி என்பது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மாரிஸ் நடத்திய விற்பனை, பழுதுபார்ப்பு நிலையம். 1920களில் அதன் மேலாளராக இருந்த செசில் கிம்பர், மாரிஸின் சாதாரணக் குடும்பக் கார்களின் சட்டகத்தின் மேல் ஒயிலான உடல்களைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1929இல் ஆபிங்டன் என்ற சிற்றூருக்கு ஆலை மாறியது. கிம்பர் 1941இல் நிறுவனத்திலிருந்து விலக நேர்ந்தது. 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நடந்த ரயில் விபத்தில் இறந்தார். டிசி அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

டிசியும் புதிதாகப் பிறந்த கார் அன்று. 1939இல் வந்த டிபி என்ற மாதிரியை நான்கு அங்குலம் அகலமாக்கியதுதான். அதன் எக்ஸ்பிஏஜி எஞ்சின் மாரிஸ் டென் என்னும் குடும்பக் காரின் எஞ்சினிலிருந்து வந்தது. மாரிஸ் டென்னின் எஞ்சின் 1140 சி.சி.; உருளையின் விட்டம் 63.5 மி.மீ. டிசியில் விட்டம் 66.5 மி.மீ.; 1250 சி.சி. இரண்டிலும் பிஸ்டனின் வீச்சு ஒரே 90 மி.மீ. ஆசிரியர் பாட்டி வீட்டுக்குப் போவதற்குச் செய்த எஞ்சினை மூன்று மில்லிமீட்டர் பெருக்கி, இரண்டு கார்புரேட்டர்களைப் பொருத்தினால் விளையாட்டுக் கார். உடலோ, ஆஷ் மரச் சட்டத்தின் மேல் எஃகுத் தகடு அறைந்தது. கட்டுமானத்தில் அது குதிரை வண்டியின் வாரிசு.

ஆலையின் தொலைபேசி எண் 251 என்பதால் டிசியின் சட்டக எண்கள் 0251இலிருந்து தொடங்குகின்றன. 1949 வரை சுமார் 10,000 கார்கள் செய்யப்பட்டன. போரில் கடனாளியான பிரிட்டனில், ஏற்றுமதி செய்யும் ஆலைக்கே எஃகு என்ற நிலை. டிசிகளில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குச் சென்றது. சுமார் 2,000 கார்கள் அமெரிக்காவுக்கு. அமெரிக்கர் சாலையின் வலப்புறம் ஓட்டுபவர்கள். டிசியிலோ ஸ்டீயரிங் வலப்புறம் மட்டுமே. இருந்தும் வாங்கினார்கள். இந்தியாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஆக, ‘மூலம்’ என்று நாங்கள் தேடிய பொருளே ஒரு தொகுப்பு: பிரெஞ்சு இயந்திரங்கள், குடும்பக் காரின் எஞ்சின், வண்டித் தச்சரின் மரச்சட்டம். கையில் இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றும் பழக்கம் கொல்கத்தாவில் தொடங்கியதன்று, ஆபிங்டனிலேயே இருந்தது.

இறக்குமதி நின்ற பிறகு

கொட்டகையிலுள்ள ‘புளூ புக்’ எனப்படும் பதிவுப் புத்தகத்தின்படி, இக்காரின் முதல் உரிமையாளர் ஒரு பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் இளநிலை அதிகாரி. அவர் ஊர் திரும்பியபோது ஒரு வங்காள மருத்துவர் வாங்கினார். அவரிடமிருந்து மேஷோமஷாயின் தந்தை. உரிமை மாறிய இந்தப் பதினான்கு ஆண்டுகளில் இந்திய மோட்டார்த் தொழிலின் விதியும் மாறியிருந்தது.

1953இல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டிலேயே படிப்படியாகப் பாகங்களைச் செய்யும் திட்டமுடைய நிறுவனங்கள் மட்டுமே கார்த் தொழிலில் நீடிக்கலாம் என்று பரிந்துரைத்தது. பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954இல் வெளியேறின. 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. புதிய குடியரசின் அன்றைய முன்னுரிமைகளில் இரண்டு இருக்கை விளையாட்டுக் காருக்கு இடமில்லாததை நான் குறை சொல்லமாட்டேன். எஃகும் டாலரும் அணைகளுக்கும் ஆலைகளுக்கும் வேண்டியிருந்தன. ஆனால் ஏற்கெனவே இங்கே ஓடிக்கொண்டிருந்த கார்களுக்கு அந்த முடிவின் பொருள் ஒன்றுதான்: உதிரிபாகம் இனி வராது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டிசி வைத்திருந்தவரிடம் சங்கம் இருந்தது, அஞ்சல்வழிக் கடை இருந்தது, ஆலையின் சேமிப்பு இருந்தது. எம்ஜி கார் சங்கமே 1930இல் தோன்றிவிட்டது. அங்கே ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் காரைப் புதுப்பிப்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. இங்கே அதே காரை ஓடவைப்பது சாச்சாவைப் போன்றவர்களின் அன்றாடக் கூலி வேலை. கேஸ்கட் தேய்ந்தால் தாளை எஞ்சின் மேல் வைத்து விளிம்பைச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டினார்கள். புஷ் தேய்ந்தால் கன்மெட்டலில் கடைந்தார்கள். பட்டை வில் தளர்ந்தால் கொல்லுலையில் மீண்டும் பதம் ஏற்றினார்கள். எந்தக் காரின் எந்தப் பாகம் வேறு எந்தக் காருக்குப் பொருந்தும் என்ற பெரிய அட்டவணை ஒன்று மல்லிக் பஜாரில் மனிதர்களின் நினைவில் மட்டும் இருந்தது.

அந்த அட்டவணையில் டிசிக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. 1942இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் தொடக்ககாலக் காரான ஹிந்துஸ்தான் டென், மாரிஸ் டென்னின் இந்திய வடிவம். அதாவது டிசி எஞ்சினின் அண்ணன் இந்தியச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. அந்நிறுவனத்தின் உத்தர்பாரா ஆலை, கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளியின் மறுகரையில். எங்கள் எஞ்சினின் எட்டு ராக்கர்களில் இரண்டை விரலால் தடவிப் பார்த்து, “இவை ஹிந்துஸ்தான் டென்னிலிருந்து எடுத்தவை” என்றார் சாச்சா. விளையாட்டுக் கார் குடும்பக் காரிலிருந்து பிறந்தது என்ற உண்மையை நான் நூல்களைப் படித்து அறிந்தேன். அறுபதுகளில் யாரோ ஒரு மிஸ்திரி, இரண்டு பாகங்களையும் கையில் ஏந்திப் பார்த்து அதை அறிந்திருக்கிறார்.

தேக்கா, ஆஷா?

எங்களுக்குள் மெய்யான கருத்து வேறுபாடு உடலைக் கழற்றியபோது வந்தது. தகடுகளுக்கு உள்ளே ஆஷ் மரம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். இடப்புறக் கதவுத்தூணும் மேல் விளிம்பும் மட்டுமே ஆஷ். அவையும் விரல் பட்டால் உதிர்ந்தன. மற்றவை தேக்கு. ஆலையில் திருகாணியும் இரும்புப் பட்டையும் கொண்டு இணைத்த இடங்களில், இங்கே துளையும் கழுந்தும் வெட்டி இணைத்திருந்தார்கள். ஆஷ் வளைந்து கொடுக்கும் மரம். ஆனால் ஈரத்திலும் பூச்சிக்கும் தாங்காது. தேக்கின் எண்ணெய்ப் பசையே அதற்குக் காவல். வங்காளத்தின் மழைக்காலத்தை அறிந்த தச்சர் தெரிந்தே மரத்தை மாற்றியிருக்கிறார்.

இங்கிலாந்தில் டிசிக்கு முழு ஆஷ் சட்டத்தை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதை வரவழைத்துவிடலாம் என்றார் மேஷோமஷாய். ஓய்வூதியத்திலிருந்து சேர்த்த பணம் இருக்கிறது. “அப்பா ஓட்டிய காரில் ஒரு முறை உட்கார வேண்டும். ஒட்டுப்போட்ட காரில் அன்று, அந்தக் காரில்” என்றார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. என்னிடம் வாதம் இருந்தது. ஆனால் பிறர் தந்தையின் காரைப் பற்றி வாதிட எனக்கு உரிமை இருந்ததா என்று தெரியவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

விடை அவர் வீட்டிலேயே இருந்தது. தந்தையின் செலவுக் குறிப்பேடுகள் பரணில் கட்டிவைக்கப்பட்டிருந்தன. 1968ஆம் ஆண்டின் மழைக்கால மாதம் ஒன்றில் மூன்று பதிவுகள்: ஷெகுன் மரம், தச்சர், இரண்டு வாரக் கூலி, தகரக்காரர். ஷெகுன் என்றால் தேக்கு. மேஷோமஷாய் அப்போது பள்ளிச் சிறுவர். தந்தையின் அருகே அமர்ந்து அவர் சென்ற பயணங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. அவர் நினைவிலுள்ள கார் தேக்குக் கார். ஆஷ் சட்டத்தை வரவழைத்திருந்தால், முன்பின் தெரியாத ஓர் இளநிலை அதிகாரி 1947இல் வாங்கிய காரில் உட்கார்ந்திருப்பார்.

அவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள், உதிர்ந்த இரண்டு துண்டுகளுக்கு மட்டும் பழைய தேக்கு தேடலாம் என்றார்.

எதை வைப்பது, எதை நீக்குவது

நம்மில் சுவடியியல் பயின்றவர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஏடுதோறும் வேறுபட்ட பாடங்களை எதிர்கொண்டார். நல்ல பதிப்பாசிரியர் பாடங்களை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்கிறார், விலக்கியதை அடிக்குறிப்பில் வைக்கிறார், எரிப்பதில்லை. கட்டடப் பாதுகாப்பிலும் இந்த விவாதம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியோலே-லெ-டுக் ஒரு கட்டடத்தை, முன்பு ஒருபோதும் அடைந்திராத முழுமைக்கும் கொண்டுசெல்லலாம் என்றார். ரஸ்கின் அப்படிப் புதுப்பிப்பதே அழிவு என்றார். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நிற்க வேண்டும் என்றும், எல்லாக் காலத்தவரின் தகுதியான பங்களிப்பையும் மதிக்க வேண்டும் என்றும் நெறி வகுத்தது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டுரின் சாசனம் ஏறத்தாழ அதே நெறிகளை வாகனங்களுக்கு விரித்தது.

ஆனால் ஏட்டுச்சுவடி சாலையில் ஓடுவதில்லை. கார் ஓட வேண்டும், நிற்கவும் வேண்டும். பிரேக்கின் ரப்பர் பாகங்களையும் குழாய்களையும் முழுவதும் மாற்றினோம். எலி கடித்த மின்கம்பிகளையும் மாற்றினோம். உயிருக்கு ஆபத்தானதைச் சான்று என்று சொல்லிக் காரில் விட்டுவைக்க முடியாது. கழற்றியவை எண்ணிட்ட பெட்டிகளில் இருக்கின்றன. அவை எங்கள் அடிக்குறிப்புகள். 3/8 அங்குலத் துளைகள், ஹிந்துஸ்தான் டென் ராக்கர்கள், 1968இன் தேக்கு ஆகியவை உறுதியாக இருப்பதால் காரிலேயே இருக்கின்றன.

இதில் சட்டத்துக்கும் இடமுண்டு. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ‘விண்டேஜ்’ வாகனங்களுக்குத் தனிப் பதிவை ஏற்படுத்தியது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். பெரிய மாற்றங்கள் செய்யப்பட்டிருக்கக் கூடாது. புதிய பதிவுக் கட்டணம் ரூ. 20,000. பழைய வாகனங்களுக்குச் சட்டம் ஓர் இடம் ஒதுக்கியது வரவேற்கத்தக்கதே. ஆனால் ‘மூல வடிவம்’ என்ற சொல்லை எப்படிப் பொருள்கொள்வது என்ற கேள்வி அறிஞர்களுடையதும் ஆகும். ஆலை நாளின் வடிவமே மூலம் என்று கொண்டால், பணம் படைத்தவர் எல்லாவற்றையும் வெளிநாட்டுப் புதுப் பாகங்களால் மாற்றி ‘மூலத்தை’ அடைவார். அறுபது ஆண்டு இந்திய உழைப்பைச் சுமந்து நிற்கும் கார் மூலமற்றதாகிவிடும். கட்டுப்பாட்டுக் காலத்தின் பொருளாதார வரலாற்றை ஐந்தாண்டுத் திட்ட ஆவணங்களில் படிக்கிறோம். அந்தக் கொள்கை ஒரு லேத்தின் முன் நின்ற மனிதரிடம் என்ன வேலை வாங்கியது என்பது இத்தகைய கார்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர்களில் கடைசித் தலைமுறை இப்போது எழுபதைக் கடந்துவிட்டது.

கடந்த ஜனவரியில் ஒரு காலை, சாச்சா மோடாவில் அமர்ந்திருக்க, 019 அளவுத் தகட்டை ஒவ்வொரு வால்வாக நுழைத்து நான் இடைவெளி வைத்தேன். எஞ்சின் நான்கு நிமிடங்கள் ஓடியது. பிறகு பெட்ரோல் கசிந்ததால் நிறுத்தினோம். கார் இன்னும் தெருவுக்கு வரவில்லை. கதவுகள் சரியாக மூடுவதில்லை. வண்ணம் பூச ஆண்டு இறுதியாகலாம்.

கருவிப்பெட்டி மூடிக்கு மட்டும் வண்ணம் பூசிவிட்டோம். அதன் உட்புறத்தில் மேஷோமஷாய் வெள்ளை வண்ணத்தால் வங்க எழுத்தில் 019 என்று எழுதி, மாற்றிய பாகங்களையும் தேதியையும் சேர்த்தார். அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுத எனக்கு இடம் விட்டார். இங்கே முன்பு இருந்த எழுத்தைப் படிக்காமல் அழித்தவன் நான் என்று எழுதி, ஆண்டைக் குறித்தேன்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய கார், அச்சு இயந்திரம், தையல் இயந்திரம், நீரேற்றும் எஞ்சின் எதுவாயினும், அதைப் பழுதுபார்த்தவர்கள் மூடிக்கு உட்புறத்திலோ சுவரிலோ எழுதிவைத்த குறிப்புகள் இருந்தால், துடைப்பதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் அசையாமல் ஒரு படம் எடுங்கள். எழுதியவர் இருந்தால் அவரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எனக்கும் அனுப்பினால் நன்றியோடு பெற்றுக்கொள்வேன்.